கிராபிக்ஸ் அக்சலரேசனால் குழம்பிய பரீட்சையை ஏழு பேருக்கு மீள நடத்தக் கோரல்

அனுப்புநர்:
க. பிரணவன்,
கணினிக்கூட உதவியாளர்,
இளங்கதிர் தொழிற்பயிற்சி நிலையம், இணுவில்.

பெறுநர்:
பரீட்சைப் பொறுப்பதிகாரி,
இளங்கதிர் தொழிற்பயிற்சிச் சபை, யாழ்ப்பாணம்.

விடயம்: 03.10.2025 கட்டட வரைதல் செய்முறைப் பரீட்சை

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பரீட்சையில் பதினான்கு திரைகளில் ஏழு கறுத்துப்போயின. வரைந்த படங்கள் திரும்பி வரவில்லை. நிலையத்தில் அந்த ஏழு பேரின் பெயர்களையும் போட்டு, "பரீட்சார்த்திகளின் கவனயீனம்" என்று அறிக்கை எழுதி என்னிடம் ஒப்பம் கேட்டார்கள். நான் ஒப்பமிடவில்லை.

2. எமது வரைதல் மென்பொருள் பழையது. புதிய இயங்குதளத்தில் ஓடாது. ஆகவே ஒவ்வொரு கணினிக்குள்ளும் மென்பொருளால் இன்னொரு கணினியை உருவாக்கி, அதற்குள் ஓடவிடுகிறோம். அந்த உட்கணினியின் அமைப்பில் கிராபிக்ஸ் அக்சலரேசன் என்றொரு தெரிவு உண்டு. அதை இயக்கினால், உட்கணினி வெளிக்கணினியின் கிராபிக்ஸ் சிப்பிடம் உதவி பெறும். சிப் புதிதென்றால் படம் வழுக்கிக்கொண்டு சுழலும். பழையதென்றால் திரை கறுக்கலாம். எம்மிடம் புதியவை நான்கு, பழையவை பத்து.

3. செப்டெம்பர் 19 அன்று மேற்பார்வைக் குழு வந்தது. முப்பரிமாண வீட்டைத் தடங்கலின்றிச் சுழற்றிக் காட்ட வேண்டும் என்றார் போதனாசிரியர் திரு. தம்பிராசா. புதிய கணினியில் தெரிவை இயக்கிக் காட்டினேன். குழு போனபின், பதினான்கிலும் அதையே போடச் சொன்னார்.

"பழசுகள் தாங்காது சேர்" என்றேன்.

"ஒண்டிலை ஓடினது மற்றதிலை ஓடாதோ? நீர் சும்மா வெருட்டாதையும்" என்றார்.

போட்டேன்.

4. பழையவற்றைச் சோதிக்க நான் ஒதுக்கிய வாரத்தில் நவராத்திரி வந்தது. கணினிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கூடத்தைப் பூட்டினோம். விஜயதசமி வரை தொடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். பரீட்சையோ விஜயதசமிக்கு மறுநாள். இடையில் நான் சாவி கேட்டிருக்கலாம். பூசையில் வைத்ததைத் தொடுகிறான் என்ற கதை வேண்டாமென்று கேட்கவில்லை. விஜயதசமியன்று ஒவ்வொரு கணினியிலும் ஒரு கோடு மட்டும் வரைந்து தொடக்கிவைத்தோம். ஒரு கோட்டுக்கு எல்லாம் தாங்கின. அதை நம்பியது என் பிழை.

5. பரீட்சையின் இரண்டாம் மணித்தியாலத்தில், படத்தை முப்பரிமாணத்துக்கு மாற்றியதும் பழையவற்றில் ஏழு ஒவ்வொன்றாகக் கறுத்தன. புத்தூரைச் சேர்ந்த செல்வி சிவகௌரி விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமலே, "சேர், நான் சேவ் பண்ணினனான். என்ரை படம் எங்கை?" என்று கேட்டார். அவர் சேமித்தது உண்மை. கணினிப் பதிவில் நேரத்துடன் இருக்கிறது. கறுத்த கணினிகளை நிறுத்தித் திரும்ப இயக்கச் சொன்னவர்கள் நாங்கள். அதில்தான் கோப்புகள் பழுதாகின.

6. பெறுபேறுகள் 17ஆம் திகதி அனுப்பப்படும். அதில் "சித்தியில்லை" என்று வந்தால், காங்கேசன்துறைக் கட்டட நிறுவனமொன்று சிவகௌரிக்கு வைத்திருக்கும் வரைவாளர் வேலை வேறொருவருக்குப் போய்விடும். மற்ற அறுவரும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

பத்துப் பழைய கணினிகளிலும் அந்தத் தெரிவை இப்போது நிறுத்திவிட்டேன். மூன்று மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தேன். வீடு இழுபட்டு இழுபட்டுத்தான் சுழல்கிறது. ஆனால் ஒரு திரையும் கறுக்கவில்லை. பரீட்சைக்கு இது போதும்.

ஆகவே, 17ஆம் திகதிக்கு முன் இந்த ஏழு பேருக்கும் மீள்பரீட்சை நடத்தித் தருமாறு பணிவுடன் கேட்கிறேன். ஒப்பமிடாத அறிக்கையை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் ஒரு பெயர் இருந்தே ஆகவேண்டுமென்றால் என் பெயரை எழுதுங்கள், உடனே ஒப்பமிடுகிறேன். அந்த ஏழு பெயர்களையும் வெட்டிவிடுங்கள்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
க. பிரணவன்
(ஒப்பம்)

இடம்: இணுவில்
திகதி: 07.10.2025