தக்காளியை மறுத்த கம்பைலர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கணினியைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. நான் எழுதிய லைப்ரரி, அதாவது எங்கள் பில்லிங் புரோகிராமின் அடிப்படைக் கோடு (code), கம்பைல் ஆகவில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் கமிஷன் கடைகளில் பல வருடமாகத் தமிழில் பில் அடிக்கிற லைப்ரரி. நேற்று மாலைவரை ஒரு குறையும் இல்லை.

புதிதாக டீம் லீடாக வந்திருக்கிற முகேஷ்குமார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சி++ மொழியின் 17-ஆம் பதிப்பை 20 ஆக மாற்றியிருக்கிறான்.

"பழைய கோடுக்கா. பழசு ஒடையத்தான் செய்யும்." சிரிக்கிறான்.

பழசானதால் உடைந்ததா? நீ கை வைத்ததால் உடைந்ததா?

மார்ச் 4

காரணம் கிடைத்துவிட்டது. காய்கறிப் பெயர்கள் லைப்ரரிக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கு முன்னும், இதை யுனிகோடாகவே வைத்துக்கொள் என்று சொல்ல, u8 என்று ஒரு குறி போட்டிருக்கிறேன். 17-இல் அது சாதாரண எழுத்து வகைதான். 20-இல் அதைத் தனி வகையாக்கிவிட்டார்கள். 'தக்காளி'யைக் கொடுத்தால், இது எனக்குத் தெரிந்த வகை இல்லை என்கிறது அச்சடிக்கும் ஃபங்ஷன். புது வகையையும் அது வாங்கிக்கொள்ளும்படி எழுதினால் போதும். இரண்டு நாள் கேட்டேன்.

முதலாளி பழனிக்குமார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டு நாளா? முகேஷ் ஒரு மணி நேரத்துல முடிக்கிறேங்கிறான். நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா. அடுத்த மாசத்துலருந்து போன் சப்போர்ட் பாத்துக்கங்க."

ரெஸ்ட்! நான் எழுதியதை நான் தொடக்கூடாது. போனை எடுத்து "சொல்லுங்க சார்" என்று உட்கார்ந்திருக்க வேண்டும். வயது நாற்பத்தாறுதானே ஆகிறது எனக்கு, செத்தா போய்விட்டேன்?

மார்ச் 5

முடித்துவிட்டான். எப்படி? எல்லா u8-ஐயும் அழித்துவிட்டான்! கம்பைல் ஆகிவிட்டது. இந்த எழுத்தை வைக்க இடமில்லை என்று வரிசையாக எச்சரிக்கைகள் வந்ததைக் காட்டினேன்.

"வார்னிங்தானக்கா, எரர் இல்லேல்ல."

சோதனை பில்லை இங்கிலீஷில் அடித்தான். டொமேட்டோ, பிரிஞ்சால். அழகாக வந்தது. தமிழில் ஒன்று அடித்துப் பார் என்றேன், எல்லார் முன்னாலும்.

"டொமேட்டோ வந்தா தக்காளி வராதாக்கா?"

ஆபீஸே சிரித்தது. பழனிக்குமாரும். போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அழவில்லை. எரிச்சல்.

மார்ச் 6

அதை அப்படியே கடைகளுக்கும் அனுப்பிவிட்டான். எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

மார்ச் 7, சனி

ஒட்டன்சத்திரத்திலிருந்து போனில் கமிஷன் கடை மலைச்சாமி. ஏலம் நடக்கும் நேரம், பின்னால் ஒரே சத்தம்.

"ஏனுங்க அம்மணி, பில்லுல ஆளு பேரு இருக்குது, காய் பேரு இல்லீங்க. பூராவும் கேள்விக்குறி! வெவசாயி பொன்னழகு கொண்டாந்தது முருங்கையா கத்தரியான்னு நான் யாருகிட்டப் போயி கேக்கறதுங்க? சண்டைக்கு நிக்கறாங்க."

பழனிக்குமார் வேர்த்துப்போய் ஓடி வந்தார். "ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "சொன்னேன் சார். நீங்களும் சேந்துதான் சிரிச்சீங்க. இம்புட்டு நாளா உங்க கம்பெனிக்குச் சோறு போட்டது இந்தப் பழைய கோடுதான். இத நான்தான் சரி பண்ணுவேன். அதுக்கப்புறம் என்னையக் கேக்காம ஒரு செட்டிங்கை மாத்தினாலும் நான் இருக்க மாட்டேன்."

 

மார்ச் 9

u8 எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. ஃபங்ஷன்கள் புது வகையை வாங்கிக்கொள்கின்றன. 20-இலேயே ஓடுகிறது. மலைச்சாமி பில்லைப் படமெடுத்து அனுப்பினார்: முருங்கை, கத்தரி, தக்காளி.

ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. போன் சப்போர்ட் பேச்சு மட்டும் காணாமல் போய்விட்டது.

ஏப்ரல் 20

முகேஷ் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, 23-க்குப் போலாமா? கேட்டுட்டு மாத்தலாம்னு…"

"மொதல்ல தமிழ்ல பில் அடிச்சுக் கொண்டா."

அடித்தே கொண்டுவந்திருந்தான். தாளை வாங்கி ஒவ்வொரு காயாக, இரண்டு முறை படித்தேன். ஓர் எழுத்தும் தப்பில்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

"மாத்து" என்றேன்.