முருகேசனுக்கு ஜப்பானில் இடம்

பழங்காநத்தத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை எல்லாம் நிரப்பிக் கொடுத்துவிட்டு, என் முறை வருவதற்குள் எழுந்து போய்விட்ட என் அன்பு அப்பாவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'அன்புள்ள முருகேசன், உங்களுக்கு எங்கள் வாழ்த்துகள்' என்றுதான் கடிதமே ஆரம்பிக்கிறது. நம் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா இரண்டு தடவை படித்துவிட்டு, "இது யாருக்கு வந்துருக்கு?" என்று கேட்டார்.

எல்லாம் உங்கள் வேலைதான். நான் பத்தாவது படிக்கும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட் எடுத்து வைத்தீர்களே, அப்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரைப் போட்டீர்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எனக்கு இருப்பது ஒரு 'மு.' மட்டும்தான். "காலியா விட்டா வெளிநாட்டுல பிரச்சினை பண்ணுவாங்கெ, இனிஷியல விரிச்சு எழுதிருவோம்" என்றீர்கள். ஜப்பான்காரர்கள் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்களாம். அது உங்களுக்கும் தெரிந்திருக்காது.

நான் அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்த்து, பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரம் கணினியில் நேர்காணல் வைத்தார்கள். நம் கடையில்தான், காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு அம்மாவும் இரண்டு பேராசிரியர்களும். எடுத்ததும், "முருகேசன் சான், உங்களுக்கு இயற்பியல் ஏன் பிடிக்கும்?" என்று அந்த அம்மா கேட்டார். 'சான்' என்றால் நம் ஊரில் 'அவர்கள்' என்பது மாதிரியாம். ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன் அப்பா. பின்னால் ஜெராக்ஸ் மெஷின்தான் இருந்தது.

அதையே சொன்னேன். நீங்கள் சிக்கிய பேப்பரை எடுக்க மெஷினைத் திறந்தபோது, இந்தக் கறுப்புப் பொடி எப்படிப் பேப்பரில் சரியான இடத்தில் போய் ஒட்டுகிறது என்று நான் கேட்டதையும், "கரன்ட்டுதான், வேறென்ன, தள்ளிப் போ" என்று நீங்கள் விரட்டியதையும் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். அரை மணி நேரம் 'முருகேசன் சான், முருகேசன் சான்' என்றே பேசினார்கள். நான் திருத்தவில்லை. நீங்கள் போனபின் உங்கள் பெயரை யாரும் அவ்வளவு தடவை சொல்லி நான் கேட்டதில்லை.

கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, தங்குவதற்கும் அவர்களே உதவித்தொகை தருகிறார்கள். இல்லாவிட்டால் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். இங்கே நம் ஊர்க் கல்லூரியிலும் அதே இயற்பியலில் இடம் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் இருபது நிமிடம். காலையில் போய்ச் சாயங்காலம் கடைக்கு வந்து அம்மாவை வீட்டுக்கு அனுப்பலாம். வந்த வினை என்னவென்றால், இரண்டு இடத்திலும் பதில் சொல்ல வேண்டியது ஒரே வெள்ளிக்கிழமை. இங்கே அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் ஒப்படைக்க வேண்டும். அங்கே 'வருகிறேன்' என்று ஒப்புதல் அனுப்ப வேண்டும்.

கடையில் இப்போது நல்ல கூட்டம். விண்ணப்பங்களை நான்தான் நிரப்புகிறேன், ஜெராக்ஸை அம்மா பார்த்துக்கொள்கிறார். எந்தக் கல்லூரியை முதலில் போடலாம், எந்தப் பாடம் எடுத்தால் வேலை கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்குப் பெரிய மனுஷி மாதிரி பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் போனதும் என்னுடைய இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு முழிக்கிறேன்.

சொந்தக்காரர்களிடம் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். திருமங்கலத்திலிருந்து பெரியப்பா வந்து, "எந்தம்பி இருந்தா இந்நேரம் உன்னைய ப்ளைட்டு ஏத்திவிட்டுட்டு வந்து தூங்கியிருப்பான். வசதி இல்லாம அவன் படிப்பு போச்சு, நீயாச்சும் போம்மா" என்றார். மறுநாளே கல்லுப்பட்டி அத்தை வந்துவிட்டார். "எங்கண்ணன் இருந்தா பொட்டப்புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப மனசு வந்துருக்குமா? உங்காத்தா ஒத்தையிலயா கெடக்கணும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து டீக்கடை அண்ணன்கூட, "முருகேசண்ணே இருந்தா ரெண்டுலயும் சேந்துரச் சொல்லியிருப்பாரு" என்றார். உயிரோடு இருந்தபோது நீங்கள் இவ்வளவு பேசியதே இல்லை அப்பா.

எனக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. அந்தப் பல்கலைக்கழக ஆய்வகத்தின் படங்களைத் தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அது ஆசையா, அல்லது 'பாவம், முருகேசன் மக' என்று யாரும் சொல்லாத ஊருக்குப் போனால் போதும் என்ற நினைப்பா? அம்மாவுக்காக இருந்துவிடலாம் என்று தோன்றும்போது, உண்மையில் எனக்குத்தான் பயமாக இருக்கிறதோ என்றும் சந்தேகம் வருகிறது. ஒரு நாளில் எத்தனை தடவை மாறுவேன்? பல் துலக்கும்போது ஜப்பான். சாப்பிடும்போது மதுரை. இட்லி நன்றாக இருந்த அன்று மதுரை மத்தியானம் வரைக்கும் தாங்கியது.

புதன்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லை. அம்மா யாருடைய சான்றிதழ் நகல்களையோ அடுக்கிப் பின் அடித்துக்கொண்டிருந்தார். இந்த விஷயத்தில் இத்தனை நாளும் வாயே திறக்காதவரிடம் கேட்டேன். "அம்மா, அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

அம்மா நிமிரக்கூட இல்லை. "ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்டாக. உன்னையவிட ஜாஸ்தி கொழம்பியிருப்பாக."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஸ்டேப்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "உங்கப்பா வசதி இல்லாமப் படிக்காமப் போகல. மதுரையில ஒரு காலேசு, கோயமுத்தூர்ல ஒரு காலேசு, ரெண்டுலயும் சேரச் சொல்லி லெட்டரு வந்துச்சு. உங்க தாத்தா காட்டு வேல பாத்த மனுசன், அவுகளே பணத்துக்குச் சொல்லிவச்சுட்டாக. இவுகதான் எதுக்குப் போறதுன்னு தெனமும் ஒரு ஆளக் கேட்டாக. வாத்தியாரக் கேட்டாக. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவனையும் கேட்டாக. கேட்டுக் கேட்டு ரெண்டு தேதியும் போயிருச்சு."

"பெரியப்பா வசதி இல்லன்னுல்ல சொன்னாரு?"

"அவுகளுக்கும் தெரியும். அப்படிச் சொன்னாத்தான மரியாதையா இருக்கும். உங்கப்பா என்கிட்டயே உன் பாஸ்போர்ட்டு வந்த அன்னைக்குத்தான் சொன்னாக."

எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது அப்பா. என்னிடமும் வசதியில்லை என்றுதானே சொன்னீர்கள்? நீங்கள் படிக்காத படிப்பையும் சேர்த்து நான் படிக்க வேண்டும் என்று எத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்? கடைக்கு யார் வந்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "கடைசித் தேதி என்னைக்கு?" என்று அதட்டுவீர்கள். நான் அதைத் தொழில் சுத்தம் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் போனதும் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்துவிட்டது. இரண்டு கடிதங்களை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற என் வயதுப் பையன் ஒருவனை நினைத்தேன். அழுகை வந்தது.

அழுதபடியே, "நான் போகவா, இருக்கவாம்மா?" என்றேன்.

"அதையும் என்கிட்டயே கேட்டா, அடுத்து நீயும் பஸ்ஸுலதான் கேக்கப்போற," என்றார் அம்மா. பிறகு, "நீ போனா அழுவேன். அதுக்காக இருக்காத. அழுகுறது எனக்கென்ன புதுசா" என்று ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டார்.

இன்று வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணிக்கு, மார்க் ஷீட் நகல் எடுக்க வந்த ஒரு அம்மாவை நிற்கவைத்துவிட்டு, ஜப்பானுக்கு ஒப்புதல் அனுப்பினேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். தப்பான இடத்தை அழுத்தி, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்றேன். "சரி, அந்தம்மாவுக்கு ரெண்டு காப்பி எடுத்துக் குடு, ரொம்ப நேரமா நிக்கிறாங்க" என்றார். அப்புறம் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

முடிவு எடுத்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. அனுப்பிய அடுத்த நிமிடமே ஊர்க் கல்லூரி அழகாகிவிட்டது. அதன் வாசல், கேண்டீன், நான் சேராத அந்த வகுப்பில் உட்காரப்போகிற பெண்கள், எல்லாம் ஒரேயடியாக வேண்டியவர்களாகிவிட்டார்கள். நீங்கள் பயந்தது இதற்குத்தானா? ஒன்றை எடுத்தால் இன்னொன்று இல்லாமல் போய்விடும் என்றா? எடுக்காமலே இருந்தால் இரண்டுமே இருக்கும் என்று நினைத்தீர்களா? அதைச் சொல்லாமலே போய்விட்டீர்கள். சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன் அப்பா. கொஞ்சம் கிண்டல் செய்திருப்பேன், அவ்வளவுதான்.

அங்கே போய்ச் சரியாக வருமா, மூன்றாவது மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்புவேனா, எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், 'அப்பா ஆசைப்பட்டார், அதனால் வந்தேன்' என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு என்ன ஆசை என்று உங்களுக்கே தெரிந்திருக்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன் என்று சொல்வேன். அழுதுகொண்டே சொன்னாலும் அப்படித்தான் சொல்வேன்.

இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிற, ஆனால் தேதியைத் தவறவிடாத

உங்கள் மகள்
பவித்ரா