கூண்டு மீனில் பேன் வந்த வழி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தங்கையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர்க்கிடங்கு வேலையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். மீன் முள் குத்தி என் விரல் வீங்கியிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், நடுவில் தன் படிப்பைக் காட்டினால் பொறுத்துக்கொள்.

ஆற்றில் நம் கூண்டுகளில் மறுபடியும் மீன் பேன் வந்துவிட்டது. போன வருடம் போலவே மீன்கள் வலையில் விலாவைத் தேய்த்துக்கொண்டு துள்ளின, ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் சிவந்து மிதக்க ஆரம்பித்தன. (அண்ணா, பேன் என்று பெயர்தானே தவிர அது பூச்சி இல்லை, இறால், நண்டு வகையைச் சேர்ந்தது. தட்டையாக, கண்ணாடி போல, இரண்டு உறிஞ்சிகளோடு இருக்கிறது.) ஆனால் இந்த முறை நம் வலை வேறு எங்கேயும் போகவில்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. போன வருடம் நீ வலையை இன்னொருவர் குளத்துக்குக் கொடுத்து வாங்கி, காயவைக்காமல் இறக்கியதால்தான் பேன் வந்தது என்று சொன்னேன். மூன்று நாள் வெயிலில் போட்டேன் என்று நீ சொன்னதைக் காதில் வாங்கவில்லை. உன் சோம்பேறித்தனம் குடும்பத்தையே தின்றுவிட்டது என்று படகுக்காரர், ஐஸ்காரர், கூண்டில் கூட்டாளியான உன் மாமா எல்லோரும் நிற்கும்போதே சொன்னேன். அந்த வாரமே நீ கிளம்பிப் போனாய்.

இப்போது தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து பூதக்கண்ணாடி வாங்கி வந்து, போன வருடம் போலவே மேல் ஆற்றில் நான் பிடித்து வந்த புதுக் குஞ்சுகளைக் கூண்டில் விடுவதற்கு முன் வாளியிலேயே வைத்துப் பார்த்தாள். ஏழு குஞ்சில் ஐந்தில் பேன். புதுக் குஞ்சைப் பத்து நாள் தனித் தொட்டியில் விட்டுப் பார்க்கலாம் என்று நீ அப்போதே சொன்னாய். மீனுக்கு என்ன மாப்பிள்ளை விருந்தா என்று கேலி செய்தது நான்தான். இரண்டு வருடமும் பேனைக் கொண்டுவந்து இறக்கியது என் கை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள். மறுநாள் யார் யார் முன்னால் உன்னைச் சொன்னேனோ அவர்களைத் தேடிப் போனேன். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க, போன்ல சொல்லியிருக்கலாமே என்று படகுக்காரர் சிரித்தார். ஐஸ்காரர் சிரிக்கவில்லை, புள்ளைக்கு எழுதிட்டீங்களா என்று மட்டும் கேட்டார்.

மாமாவிடம்தான் சொல்ல முடியவில்லை. அவர் இறந்து அன்றைக்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. உனக்கு போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று உன்னைத்தான் கேட்டார். பையன் மேல கோவத்த வெச்சுக்காதீங்க மாப்ளே, சின்னப் பையன், வலையக் காயவைக்க மறந்துட்டான், அவ்வளவுதானே என்றார். நானும் தலையாட்டினேன். நீ செய்யாத தப்புக்கு உன்னை மன்னித்துவிட்டுப் போயிருக்கிறார். அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருகிட்ட இனி யாரு சொல்றது என்றாள்.

வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கையுறை போடாமல் கிடங்குக்குள் போகாதே, வேளைக்குச் சாப்பிடு, எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அத்தைக்கு ஒரு வரி எழுது.

உன்னைத் தப்பாகச் சொன்ன
அப்பா