யோசனைக்கு ஒரு பொத்தான்

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பாய், தெரியும்.

அலுவலகத்தில் நேரம் குறிக்கும் மென்பொருள் வந்திருக்கிறது. வேலையைத் தொடும்போதும் விடும்போதும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் வரைபடம் போடும்போது மட்டும் அழுத்தினேன். வாரக் கடைசியில் பதினோரு மணி நேரம்தான் காட்டியது. அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பவர்கள் அதைத்தான் பார்ப்பார்களாம்.

"மிச்ச நேரமெல்லாம் எங்க சார் போச்சு?" என்றாள் மேலாளர் பெண்.

"கோடு போட அஞ்சு நிமிஷம்மா. எங்க போடணும்னு யோசிக்க அரை நாள். அதுக்குப் பொத்தான் எங்க?"

"அப்படி ஒண்ணு இல்லையே சார்."

யாரிடமும் படிக்காமல் நானே கற்ற தொழில், விடுவேனா? மூன்று நாள் எதையுமே அழுத்தவில்லை. நான்காம் நாள் 'யோசனை' என்று ஒரு தலைப்பைச் சேர்த்தாள். ஒப்பந்தமும் நீளும் என்றாள்.

வெள்ளிக்கிழமை அதை நிறுத்த மறந்து அறைக்குப் போய்விட்டேன். திங்கள் காலை அறுபத்து மூன்று மணி நேரம் யோசனை என்று காட்டியது. "தப்பா ஓடிருக்கு, அழிச்சிடவா சார்?" என்று சிரித்தாள்.

"அழிச்சிடும்மா. ஆனா தப்பா ஓடல" என்றேன்.

மைத்துனன் வரும்போது என் பழைய கண்ணாடியையும், நீ போர்த்திக்கொள்ளும் போர்வையையும் கொடுத்தனுப்பு. இங்கே குளிரெல்லாம் இல்லை. நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்