கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர்

நேற்று கரியாஹாட்டில் சௌமின் நூடுல்ஸ் விற்கும் கடையைத் தாண்டும்போது வினிகர் வாடை அடித்தது. எனக்கு பவானிபூரில் உன் வீட்டுக் குளியலறை ஞாபகம் வந்தது. ஜன்னலைப் போர்வையால் மூடி, வாளிகளுக்கு நடுவில் குத்தவைத்து, நாம் பிலிம் கழுவிய அறை. வினிகர் கலந்த தண்ணீரில் பிலிமை முக்கியெடுப்பாய். அந்த வாடை உன் புடவையிலும் இருக்கும்.

நீ போய் இரண்டாவது துர்கா பூஜையும் வந்து போய்விட்டது.

மார்பகப் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்து நீ வீட்டுக்கு வந்தபோது, இடது கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் பழைய பெரிய கேமராவோ தேக்கும் பித்தளையுமாகக் கனத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் படமெடுக்கப் போகும்போது நான் தூக்கி வருகிறேன் என்றேன்.

"நான் தூக்க முடியாத கேமரா எனக்கு எதுக்குடி?" என்றாய்.

அடுத்த வாரமே மெல்லிய ப்ளைவுட் வாங்கிவரச் சொன்னாய். முன்னால் ஒரு பலகையில் பழைய லென்ஸ், பின்னால் மங்கல் கண்ணாடி, இடையில் குடைத்துணியில் நீயே தைத்த, மடிந்து விரியும் பை. அவ்வளவுதான் கேமரா. வலது தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அன்றுதான் சிரித்தாய்.

லேக்கில் பனிக்குள் நின்ற மரங்களை எடுத்தாய்; தண்ணீரை எடுத்தாய். மனிதர்களை மட்டும் எடுக்கவில்லை. யாரும் உன்னை உற்றுப் பார்ப்பது உனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. நீயும் யாரையும் உற்றுப் பார்க்க விரும்பவில்லை.

அங்கே தினமும் நடக்க வரும் வங்காளிப் பெரியவர் ஒருநாள் மனைவியைக் கைபிடித்து அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்கு மறதி நோய். சில சமயம் கணவரையே யாரென்று கேட்கிறாராம். முழுக்க மறப்பதற்குள் ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். நீ தயங்கித்தான் ஒப்புக்கொண்டாய். உன் கேமராவுக்கு ஒரு விநாடியாவது ஆடாமல் உட்கார வேண்டும். அந்த அம்மாவால் கையைக்கூடச் சும்மா வைக்க முடியவில்லை. கேமராவின் கறுப்புத் துணிக்குள் நீ நுழைந்ததும் பயந்து எழுந்துவிட்டார். இரண்டு பிலிம் வீணானது. பெரியவர் போதும் என்றார்.

நீ துணியை என்னிடம் கொடுத்துவிட்டு, பெரியவரைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தாய். "வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க தாதா" என்று, அவரை அண்ணனாக்கி, உன் அரைகுறை வங்காளத்தில் சொன்னாய். அவர், இன்று ரூயி மீன் வாங்கவா, பாப்தா வாங்கவா என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா கைகளை மடியில் வைத்து, அவரை நிமிர்ந்து பார்த்து, யோசித்தார். நீ அழுத்தினாய்.

படத்தில் நோயாளி இல்லை. சமையலைத் தீர்மானிக்கிற வீட்டுக்காரி இருந்தார். அதை ஈரத்தோடு தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாய். மறுநாள் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்னை எடு" என்றாய். அவசரத்தில் நான் ஃபோகஸைத் தவறவிட்டேன். முகம் மங்கிப்போய் காது மட்டும் துல்லியமாக விழுந்தது. இன்னொன்று எடுக்கிறேன் என்று கெஞ்சினேன்.

"இருக்கட்டும்டி. காது நல்லா வந்திருக்கு."

அந்தக் கோடைக்குள் நீ போய்விட்டாய்.

இந்தக் குளிர்காலத்தில் நான் கேமராவோடு மறுபடி லேக்குக்குப் போனபோது பெரியவர் தனியாக வந்தார். மனைவி ஐப்பசியில் போய்விட்டாராம். உன்னைப் பற்றிக் கேட்டார், நீ போனதைச் சொன்னேன். பிறகு, தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார். நான் துணியை விலக்கிவிட்டுக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, இன்று என்ன மீன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் எதுக்கு?" என்று என்னையே பார்த்தார். கொஞ்சமும் ஆடவில்லை.

அழுத்த வேண்டிய விநாடி அதுதான். என்னால் முடியவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது கேமரா மட்டும் என்று நினைத்திருந்தேன்; பக்கத்தில் நின்று பேசுவதும் மிஞ்சியிருந்தது. கேமராவை மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரைச் சாப்பிட வீட்டுக்கு அழைத்துப் போனேன். ரசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தார். படத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.