நீ வாயால் வாசிக்கச் சொன்ன பக்கம்

அடுத்த வீட்டு மருமகள் இப்போதெல்லாம் கதை கேட்கிறாள். கையில் புத்தகம் கிடையாது. கைப்பேசியைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அவள் வெண்டைக்காய் நறுக்குகிறாள். எவனோ ஒருவன் கணீரென்று நாவல் வாசிக்கிறான். ஜன்னல் வழியாக எனக்கும் கேட்கிறது. கேட்கக் கேட்க எரிச்சல் வருகிறது. குரலில் குறையில்லை. ஆனால் அவனை யாரும் மறித்துக் கேட்க முடியாது. அலுப்புத் தட்டிய இடத்தில் அவள் விரலால் தள்ளிவிடுகிறாள். அவனும் கூச்சமில்லாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறான்.

நான் அப்படித் தாண்டிப் போனபோது நீ விட்டாயா? நீ கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் சண்டை போட ஆளில்லை. எழுதியாவது போடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் பாதித் தெருக்கள் தறிச் சத்தத்தில்தான் விடியும். மின்வெட்டு வந்தால் எங்கள் கூடத்தில் விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக நிற்கும். மற்றவர்கள் டீக்கடைக்குப் போவார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். உன் கை ராட்டைக்கு மின்சாரம் வேண்டாமே. நீ முற்றத்தில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாய். நூலகத்தில் எடுத்த நாவலை நான் உனக்கு வாசிப்பேன். தறிகளுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, மெதுவாக வாசிக்க வராது. "அண்ணாச்சி ஆரம்பிச்சாச்சு" என்று தெருவே காதைக் கொடுக்கும்.

பக்கத்துத் தறிக்காரர்தான் கேலி பேசுவார். "என்ன வே, புத்தகத்தையும் தறியில போட்டு ஓட்டுதீரோ? போன வாரம் எடுத்தது, அதுக்குள்ள முடிஞ்சிட்டு!"

அவர் பேச்சை நான் மதித்ததில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். பஸ் போர்டையும் சினிமா போஸ்டரையும் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பு ஏறியது. அப்படிப்பட்டவன் ஒரு தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அது சாதனைதான். போய்ச் சேர்வதுதான் அன்று எனக்குக் கணக்கு. மலை, மழை, யாராவது தனியாக உட்கார்ந்து யோசிப்பது எல்லாவற்றையும் தாண்டிவிடுவேன். மலையை நான் இன்றும் தாண்டத்தான் செய்கிறேன். அதற்கு நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த நாவலில், வரப்புத் தகராறில் ஒருவனை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனவன் ஊர் திரும்புகிறான். வாசலில் எல்லாரும் நிற்கிறார்கள். தங்கை மட்டும் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் வாசித்துக்கொண்டே போனேன். ராட்டை நின்றது.

"அவ ஏன் வெளிய வரல?"

"வெக்கமா இருக்கும்."

"கூடப் பிறந்தவன்கிட்ட என்ன வெக்கம்? நடுவுல எதையோ முழுங்கிட்டீய."

"ஒண்ணும் முழுங்கல. நீ நூலைச் சுத்துட்டி."

"சுத்துதேன், சுத்துதேன். அவ வெளிய வந்தா சொல்லுங்க."

மறுநாள் நான் வேலைக்குப் போனதும் நீயே புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாய். ஐந்தாம் வகுப்பு வரை போனவள் அல்லவா! மத்தியானம் மின்சாரம் போய் நான் வந்தபோது ராட்டை ஓரமாகக் கிடந்தது.

"நீங்க விட்ட பக்கத்தை நான் படிச்சிட்டேன்."

"பெறகென்ன? கதை தெரிஞ்சு போச்சுல்லா."

"எனக்குத் தெரிஞ்சா போதாது. நீங்க வாயால வாசிக்கணும். வாசிக்காம இந்த ராட்டை சுத்தாது."

நீ எதை மனதில் வைத்துச் சொன்னாய் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. குருவிகுளத்தில் கட்டிக் கொடுத்த என் தங்கையோடு அப்போது நான் பேச்சை முறித்திருந்தேன். அவள் மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீரோடு நீயும் நானும் கிளம்பினோம். பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது, தாய்மாமன் சேலை ஏறியிருக்க வேண்டிய பிள்ளை மேல் வேறு யாரோ எடுத்த சேலை ஏறி, மாலையும் விழுந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் போய்விடும் என்று புகுந்த வீட்டார் முடித்துவிட்டார்களாம். என்னைக் கண்டதும் தங்கை ஒரு வார்த்தை பேசாமல் விறுவிறுவென்று உள்ளே போனாள். நான் சீர்த்தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். நீ பின்னாலேயே ஓடி வந்தாய்.

தப்பு அவர்கள் மேல். தாய்மாமன் வராமல் அது என்ன நல்ல நேரம்? இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஆகவே அன்று நான் புத்தகத்தைத் தொடவில்லை. நீயும் ராட்டையைத் தொடவில்லை. வெயிலில் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கதை கெடையாதா? பாத்திரத்தைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்." நீ சிரித்துவிட்டாய். தெருவுக்குப் பயந்துதான் புத்தகத்தை எடுத்தேன் என்று வைத்துக்கொள்.

நான் தாண்டிய இடத்தில் அந்த நாவலின் தங்கை தனியாக உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அரிவாளைத் தூக்கிய அன்று அவளுக்கு நிச்சயம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வந்தவர்கள் தெருமுனையிலேயே செய்தி கேட்டுத் திரும்பிவிட்டார்கள். கல்யாணம் நின்றதில்கூட அவளுக்கு வருத்தமில்லை. கை அரிவாளுக்குப் போனபோது அவனுக்குத் தன் நினைப்பு வந்ததா என்று மட்டும் கேட்க வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் அவள் வெளியே வரவில்லை.

அந்த இடத்தில் என் சத்தம் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்காது.

நீ ராட்டையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாய். பிறகு, "ஒங்க தங்கச்சி அன்னைக்கு உள்ள போனாளே, எதுக்குப் போனான்னு யோசிச்சியளா?" என்றாய்.

"அவமானப்படுத்தணும்னு போனா."

"அவ சொன்னாளா, நீங்களா எழுதிக்கிட்டீயளா?"

அன்று சாயங்காலமே மின்சாரம் வந்துவிட்டது. கூடத்துக்குப் போனேன். வேலை ஓடவில்லை. தங்கை உள்ளே போனதோடு கதையை முடித்துக்கொண்டு நான் வாசலிலிருந்தே திரும்பிவிட்டேனோ என்று முதல்முறையாகத் தோன்றியது. அந்த வாரமே, குருவிகுளம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

"மன்னிப்புக் கேக்கவா போறீய?" என்றாய், வாசலில் நின்று.

"நான் எதுக்குக் கேக்கணும்? ஒரே ஒரு கேள்வி இருக்கு. கேட்டுட்டு வாரேன்."

தங்கை கதவைத் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னண்ணே, பஸ்ஸு இப்பதான் வந்துச்சா?" என்றாள்.

வழியெல்லாம் கட்டி வைத்திருந்த பேச்சு அதோடு போயிற்று. அன்றைக்கு ஏன் உள்ளே போனாய் என்று மட்டும் கேட்டேன்.

"ஒங்களுக்கு எலை போடத்தான். பந்தியில உக்கார மாட்டீயன்னு தெரியும். அடுக்களையில எங்கூட உக்காந்தாவது சாப்பிடுவீயன்னு பாத்தேன். சோத்தை வச்சிட்டு வந்து பாத்தா வாசல்ல தட்டு இருக்கு, ஆளக் காணோம்."

சாப்பிட்டேன், அதே அடுக்களையில். ஆனால் சடங்கை முடித்தது தப்பு என்று தங்கை மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் கை கழுவினேன்.

எனக்கு உன்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு புத்தகம் இவுகளைத் திருத்திவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாய். என்னை யாரும் திருத்தவில்லை. புத்தகம் பாட்டுக்கு அலமாரியில் இருந்திருக்கும்; நானும் அதை முடித்துவிட்டேன் என்று பெருமை பேசியிருப்பேன். ராட்டையை நிறுத்தியவள் நீ. அதைச் சொல்லாமல் புத்தகத்துக்கு ஏன் பெயர் வாங்கிக் கொடுத்தாய்?

அதற்குப் பிறகு நம் வாசிப்பின் வேகம் படுத்தேவிட்டது. நாலு பக்கம் நகர்ந்தால் அன்று பெரிய காரியம். "இன்னுமா முடியல?" என்று நூலகர் சலித்துக்கொள்வார். நீ நடுவில் ஒன்று கேட்பாய்; எனக்குப் பதில் தெரியாது; பத்துப் பக்கம் பின்னால் போவோம். புத்தகத்தில் உள்ளவர்களை விட்டுவிட்டு நம் வீட்டு ஆட்களைப் பேசத் தொடங்கிவிடுவோம். புத்தகம் மடியில் கவிழ்ந்து கிடக்கும். நான் படித்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூடியதெல்லாம் அந்த நேரத்தில் படித்ததுதான்.

தங்கை எப்போதாவது வருகிறாள். அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். "நல்லா இருக்குண்ணே" என்பாள்; கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவாள். கேள்வி கேட்க மாட்டாள். நானே கேட்டு, நானே பின்னால் புரட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது கையில் இருக்கும் நாவலில் ஒரு கிழவன் செத்துப்போன மனைவியைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வீடு திரும்புகிறான். அவன் கதவைத் திறக்கும் பக்கத்தைத் தாண்டி நான் வெகுதூரம் போய்விட்டேன். கதை தெளிவாகத்தான் இருக்கிறது, ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் அவன் திடீரென்று சமையலறையில் படுக்கத் தொடங்குகிறான். ஏன் என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். சத்தமாகத்தான் வாசிப்பேன்.