கூட்டிச் சொன்ன ஒரு வயது

செங்கல்பட்டு,
12.3.1974

மகன் பஷீருதீனுக்கு துஆ சலாம்.

கடற்படை ஆபீசர் வேலைக்குத் தேர்வாகிவிட்டதாகப் பெங்களூரிலிருந்து தந்தி கொடுத்திருக்கிறாய். பரீட்சை எழுதியதைக்கூட என்னிடம் மூச்சு விடவில்லை. ஜவுளிக் கடையை இனி யார் தலையில் கட்டுவது?

உன்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். உனக்கு எட்டவில்லை. நான்தான் கையை இழுத்துக் காதில் வைத்து, ஒரு வயது கூட்டிச் சொன்னேன். அதனால்தான் மீசை முளைக்குமுன்பே காலேஜுக்குப் போனாய். உன் உண்மை வயதுக்கு இந்த வருடம் எடுக்க மாட்டார்களாமே? உண்மையைச் சொல்லி நான் அவர்களுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் போதும். ஒழுங்காக வீடு வந்து சேர்.

ஷேக் தாவூத்

மகாபலிபுரம்,
2.4.1974

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவுக்கும் என் சலாம்.

கார்டுக்கு நீங்கள் சிரமப்பட வேண்டாம். நானே சொல்லிவிட்டேன். பொய்யை வைத்துக்கொண்டு கப்பலேற மனசு ஒப்பவில்லை. சான்றிதழில் பிறந்த தேதியைத் திருத்திக்கொண்டு அடுத்த வருடம் மறுபடி வரச் சொன்னார்கள். கோர்ட்டில் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்வீர்களா அத்தா?

அதுவரை இங்கே டுடோரியலில் கணக்கு நடத்துகிறேன். தினமும் காலையில் கடலில் நீந்துகிறேன். உங்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் கடைக்கு வர மாட்டேன்.

பஷீருதீன்

மகாபலிபுரம்,
10.8.1974

அன்புள்ள அத்தாவுக்கு,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. டிசம்பருக்குள் திருத்தம் கையில் வேண்டும். மாட்டேன் என்றால் அதையாவது எழுதுங்கள். வேறு வழி இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.

பஷீருதீன்

செங்கல்பட்டு,
19.11.1974

மகன் பஷீருதீனுக்கு,

எட்டு மாதமாக உன் அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பொய் சொன்னது நீங்க. புள்ள எதுக்கு அலையணும்?" இதே பாட்டுதான். மனுப் போட்டு, போன மாதம் கோர்ட்டில் கூண்டேறினேன். பாதிக் கடைத்தெரு வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

"இன்னா பாய், அப்போ சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"அப்போ சொன்னதுதாங்க பொய்யி. எம் புள்ள வேலை போனாலும் போவட்டும்னு நெஜத்த சொல்லிட்டு வந்துகிறான். நான் அப்பங்காரன், சும்மா குந்திகினு இருக்க முடியுங்களா?" என்றேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. உன்னை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. தீர்ப்பு நகலை இதோடு வைத்திருக்கிறேன். நீ போவது எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. இருந்தாலும் போ. நீ ரயிலேறும் அன்றைக்குக் கடையை மூடிவிட்டு நானும் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன் அத்தா,
ஷேக் தாவூத்